மொட்டை அம்பு

அம்பு முனை என்றாலே கூர்மைதான் நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்காவில் வில்லோடு முயல், அணில் வேட்டைக்குப் போகிறவர்கள் பலரும் விரும்புவது மொட்டை முனையைத்தான். குத்திக் கிழிக்காமல் அடியின் வேகத்திலேயே சிறு பிராணியை வீழ்த்திவிடும். குறி தவறினாலும் மரக்கிளையில் எளிதில் குத்தி நிற்காது. கூர்முனை அப்படி மாட்டிக்கொண்டால் யார் ஏறி எடுப்பது?

மொட்டை முனையைச் செலவில்லாமல் வீட்டிலேயே செய்துகொள்வோர் உண்டு. சுட்டு முடித்த பாயிண்ட் 38 ஸ்பெஷல் தோட்டாவின் காலிப் பித்தளைக் கூடு, மர அம்பின் தண்டுக்கு ஏறக்குறைய அளவெடுத்தது போல் பொருந்தும். நுனியை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, உருக்கிய பசையைத் தடவி, கூட்டைத் திருகியபடி செருக வேண்டும். கடையில் வாங்கும் முனையைவிட இது பொதுவாக எடை குறைவு. அம்பின் போக்கு மாறும் என்பதால் முதலில் எய்து பழகிக்கொள்வது நல்லது.

மொட்டை அம்பு புல்லுக்கடியில் சறுக்கி மறைந்துவிடும். அதற்கென்றே வந்தது ‘ஜூடோ’ முனை. பக்கவாட்டில் நீட்டிய அதன் ஸ்பிரிங் கம்பிகள் புல்லைப் பற்றி அம்பை நிறுத்திவிடும்.

காட்டு வான்கோழியிடம் இந்த வித்தையெல்லாம் பலிக்காது. இறகு அடர்த்தி, உயிர்நிலையோ கைமுட்டி அளவு. அதற்கு அகன்ற, சவரக்கத்திபோல் கூரிய அலகுகள் வேண்டும். கழுத்தைக் குறிவைப்போர் மிக நீண்ட அலகுகளைப் பொருத்துவார்கள். அப்போது அம்புத் தண்டும் நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாணை இழுக்கும்போது அலகு வில்லிலேயே இடிக்கும்.