தேய்த்தால் மறையும் கீறல், தேய்க்கக் கூடாத கீறல்

காரின் அலாய் சக்கரத்தைத் தடவினால் விரலில் படுவது அலுமினியம் என்றே நினைப்போம். உண்மையில் படுவது கிளியர் கோட். அலுமினியத்துக்கு மேல் பிரைமர், அதன்மேல் நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே இந்த நிறமற்ற பூச்சு. தடிமன் பொதுவாக 30 முதல் 60 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியை விடக் குறைவு. 'டைமண்ட் கட்' சக்கரங்களின் முன்முகத்தில் நிறப்பூச்சும் கிடையாது. லேத்தில் கடைந்த பளபளப்பான உலோக முகத்தின் மேல் நேராகக் கிளியர் கோட்தான்.

பாலிஷ் போடுவது கீறலை அடைக்கும் வேலை அன்று. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துத் தாழ்த்தும் வேலை. பள்ளத்தின் விளிம்புகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் வெள்ளைக் கோடு தெரிகிறது. விளிம்பு போனால் கோடும் போகும். அதற்கு விலையாகப் பூச்சும் மெலிகிறது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் அதே பூச்சுதான் என்பதால், ஒவ்வொரு பாலிஷும் வங்கியில் போட்ட முதலிலிருந்து எடுத்துச் செலவழிப்பதைப் போன்றது.

எனவே முதலில் சோதனை. சக்கரத்தைக் கழுவிக் காயவிட்டு, கீறலின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்பினால் கீறல் பெரும்பாலும் கிளியர் கோட்டோடு நிற்கிறது. அடுத்து நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் அது ஆழமான கீறல். தேய்த்து முழுவதும் எடுக்க முயலக் கூடாது.

கீறல் இந்தச் சோதனைகளில் தேறினால், மென்மையானதிலிருந்தே தொடங்க வேண்டும். ஸ்போக்கின் உட்பக்கத்தில் விரலகல இடத்தில் பாலிஷைத் தேய்த்துப் பாருங்கள். போதவில்லை என்றால் ரப்பிங் காம்பவுண்ட். அதற்கும் அசையாவிட்டால் மட்டுமே 3000 அல்லது 2000 எண் வாட்டர் பேப்பர், அதுவும் சோப்புத் தண்ணீரில் நனைத்து. 2000 எண் தாளின் துகள் சுமார் 10 மைக்ரான். அது விடும் மங்கலைக் காம்பவுண்டும் பிறகு பாலிஷும் தேய்த்து எடுக்கும். ஸ்போக்கின் விளிம்புகளில் பூச்சு மெல்லியது. அங்கே மெஷினை நிறுத்திவைத்தால் சூட்டில் பூச்சு கருகும். கையால் தேய்ப்பதே நல்லது.

தேய்க்கும்போது துணியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காம்பவுண்டின் நிறமே தெரிந்தால் பரவாயில்லை. சக்கரத்தின் நிறம் ஏறினால் கிளியர் கோட் தீர்ந்துவிட்டது. டைமண்ட் கட் சக்கரத்தில் துணி கருத்தால் அலுமினியத்தையே தேய்க்கிறீர்கள். உடனே நிறுத்துங்கள்.

நவி மும்பையின் நெருளில் கீறல் என்பது அழகைப் பற்றிய கவலை மட்டும் அன்று. தாணே கழிமுகத்தை ஒட்டிய ஊர், உப்புக் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை விடாத ஈரம். டிவைடர் கல்லில் உரசிப் பூச்சு உடைந்த இடத்தில் உப்பும் ஈரமும் நுழைந்தால், பூச்சுக்கு அடியிலேயே வெண்ணிறப் புழுக்கள்போல அரிப்பு நெளிந்து பரவும். மேலே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அது போகாது. பழைய பூச்சை உரித்து, டைமண்ட் கட் என்றால் மீண்டும் லேத்தில் கடைந்து, புதிதாகப் பூச வேண்டும். கடையும் ஒவ்வொரு முறையும் உலோகமும் குறையும். ஆகவே உடைந்த இடத்தைச் சிறிதாக இருக்கும்போதே அடைத்துவிடுவது மேல்.

மெல்லிய வட்டக் கீறல்கள் பெரும்பாலும் துடைக்கும்போதுதான் விழுகின்றன. பிரேக் உரசி உதிர்க்கும் இரும்புத் துகளும் மணலும் ஒட்டிய துணியே உப்புத்தாளாகிவிடுகிறது. குடியிருப்புச் சொசைட்டிகளில் அதிகாலையில் கார் துடைக்கும் தொழிலாளி ஒரே வாளித் தண்ணீரில் பல கார்களைச் சமாளிக்கிறார். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சக்கரத்துக்கென்று தனி வாளியும் தனித் துணியும் வாங்கிக் கொடுங்கள். துடைக்கும் முன் இரண்டு மக் தண்ணீர் ஊற்றச் சொல்லி, அந்தக் கூடுதல் வேலைக்குக் கூலியும் கூட்டிக் கொடுங்கள். எந்தப் பாலிஷையும் விடக் கிளியர் கோட்டைக் காப்பது இதுதான்.