ஒரு கட்டத்தை நீக்கினார்கள்; விற்பனை கூடியது

விமான டிக்கெட்டும் ஓட்டல் அறையும் விற்கும் எக்ஸ்பீடியா என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு ஒரு புதிர். வாடிக்கையாளர் பயணத்தைத் தேர்ந்தெடுக்கிறார், விவரங்களை நிரப்புகிறார், ‘வாங்கு’ பட்டனையும் அழுத்துகிறார். ஆனால் விற்பனை முடிவதில்லை. மனம் மாறியவர் அந்தப் பட்டன்வரை வந்திருக்கவே மாட்டாரே! தேடிப் பார்த்ததில், படிவத்தில் பெயருக்குக் கீழே இருந்த ‘கம்பெனி’ என்ற கட்டம் அகப்பட்டது. எந்தக் கம்பெனி என்று குழம்பிய சிலர், கார்டு கொடுத்த வங்கியின் பெயரை அதில் எழுதினார்கள். அதே போக்கில் முகவரிக் கட்டத்தில் வங்கியின் முகவரியையும் எழுதினார்கள். கார்டுக்குரியவரின் வீட்டு முகவரியோடு அது பொருந்தாததால் பணம் செலுத்துவது தோல்வியில் முடிந்தது. அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். அதனால் ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் டாலர் லாபம் கூடியது என்று 2010-ல் தகவல் வெளியானது.

இணையத்தில் கடை வைத்திருப்பவர்கள் இந்தச் சம்பவத்தை மனதில் இருத்திக்கொள்வது நல்லது. விற்பனை மந்தமானால் நம்மவர்கள் பெரும்பாலும் செய்வது இரண்டு காரியங்கள்: விளம்பரத்துக்கு இன்னும் கொஞ்சம் பணம் போடுவது, தளத்தை ‘புதுசாக’ மாற்றச் சொல்லி டிசைனரை அழைப்பது. மாதம் பத்தாயிரம் பேர் வரும் தளத்தில் நூறு பேர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தின் மூலம் நூற்றைம்பது ஆர்டர் வேண்டுமென்றால் இன்னும் ஐயாயிரம் பேரை அழைத்துவர வேண்டும். வந்த பத்தாயிரம் பேரில் வாங்க நினைத்தும் முடியாமல் திரும்பியவர்களில் ஐம்பது பேரை நிறுத்தினால் அதே பலன், விளம்பரச் செலவில்லாமல். அவர்களை விரட்டுவது பெரும்பாலும் நாமே வைத்த தடைகள்தான். ஆகவே முதல் வேலை சேர்ப்பதல்ல, எடுப்பது.

எடுக்க வேண்டியவற்றில் முதலாவது, ‘கணக்குத் தொடங்கினால்தான் வாங்கலாம்’ என்ற கட்டாயம். ஒரு பெரிய அமெரிக்க விற்பனைத் தளத்தில் நடந்ததை ஜாரெட் ஸ்பூல் என்ற பயன்பாட்டு ஆய்வாளர் 2009-ல் எழுதினார். நிறுவனத்தின் பெயரை அவர் சொல்லவில்லை. பொருளைக் கூடையில் போட்டுவிட்டு வருபவரிடம் அந்தத் தளம் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் கேட்டது. புதியவர்கள் எரிச்சலடைந்தார்கள். பழைய வாடிக்கையாளருக்கு இது வசதி என்று நிறுவனம் நம்பியிருந்தது. அவர்களுக்கோ எந்த மின்னஞ்சலைக் கொடுத்தோம், என்ன பாஸ்வேர்டு வைத்தோம் என்பதே நினைவில்லை. ஒரே ஆள் பல கணக்குகள் வைத்திருந்ததும் தெரியவந்தது. ‘பதிவு செய்க’ பட்டனை எடுத்துவிட்டு ‘தொடர்க’ என்று வைத்தார்கள். வாங்குவதற்குக் கணக்கு தேவையில்லை என்று பக்கத்தில் ஒரு வரி. வாங்கி முடித்தவர்களின் எண்ணிக்கை 45 சதவீதம் உயர்ந்தது. முதல் ஆண்டில் 30 கோடி டாலர் கூடுதல் விற்பனை. வாசலிலேயே மறித்துப் பெயர், போன் நம்பர், ரகசியச் சொல் எல்லாம் எழுதிக் கொடுத்தால்தான் புடவையை எடுத்துக் காட்டுவேன் என்று தி.நகரில் ஒரு கடைக்காரர் சொன்னால் யார் உள்ளே நுழைவார்கள்?

அடுத்து, படிவம். நம் ஊருக்கென்றே சில சிக்கல்கள் இதில் உண்டு. வெளிநாட்டு டெம்ப்ளேட்டை அப்படியே எடுத்துப் போட்ட தளங்கள் ‘கடைசிப் பெயர்’ என்று ஒரு கட்டம் வைத்து, அதைக் கட்டாயமும் ஆக்கிவிடுகின்றன. தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் ஏது? இனிஷியலைப் போட்டால் ‘குறைந்தது இரண்டு எழுத்து தேவை’ என்று சிவப்பில் ஒரு எச்சரிக்கை. அப்பா பெயரைப் போடுவதா, இனிஷியலை இரண்டு முறை தட்டுவதா என்று யோசிப்பவர், வாங்கும் வேகத்தை இழக்கிறார். ‘பெயர்’ என்று ஒரே கட்டம் போதும். கூரியர்காரர் அதற்கு மேல் கேட்பதில்லை.

போன் நம்பரை ஒருவர் பூஜ்யத்தோடு தொடங்குவார், இன்னொருவர் 91 சேர்ப்பார், மற்றொருவர் நடுவில் இடைவெளி விடுவார். எப்படி எழுதினாலும் வாங்கிக்கொண்டு சரிசெய்வது புரோகிராமருக்குச் சில நிமிட வேலை. அந்தக் கட்டத்தைத் தொட்டதும் எண் விசைப்பலகை தானாக வர வேண்டும். அதுவும் ஒரு வரி மாற்றம்தான். 1972 முதல் நம்மிடம் ஆறு இலக்க பின்கோடு இருக்கிறது. அதை முதலில் கேட்டுவிட்டால் மாவட்டத்தையும் மாநிலத்தையும் தளமே நிரப்பிக்கொள்ளலாம். முப்பத்துச் சொச்சம் பெயர்கள் கொண்ட பட்டியலில் தமிழ்நாட்டைத் தேடி விரலைத் தேய்க்க வேண்டியதில்லை. கூடுதலாக ஒரு கட்டம் வைத்தே தீருவேன் என்பவர், ‘அருகில் உள்ள அடையாளம்’ என்பதை வைக்கலாம். கதவு எண் பழையது புதியது என்று இரண்டு இருக்கும் ஊரில், ‘பிள்ளையார் கோயிலுக்கு எதிரே’ என்ற வரிதான் பார்சலை வீடு சேர்க்கும். பிறந்த தேதி, ஆணா பெண்ணா, எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள் போன்ற கேள்விகளை எல்லாம் பணம் வந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம். கேட்காமலே விட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

ஒரு கட்டத்தில் தவறு நேர்ந்தால் நிரப்பியதை எல்லாம் அழித்துவிடும் படிவங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி இங்கே எழுதினால் கோபம்தான் வரும்.

இனி, கட்டணம். டென்மார்க்கில் உள்ள பேமார்டு ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளின் சராசரியை எடுத்துச் சொல்வது: இணையக் கடைகளில் நிரப்பப்படும் நூறு கூடைகளில் சுமார் எழுபது வாங்கப்படாமலே கைவிடப்படுகின்றன. அப்படிக் கைவிட்டவர்களில் சும்மா பார்க்க வந்தவர்கள் நிறைய. அவர்களை என்ன செய்தாலும் வாங்க வைக்க முடியாது. மீதிப் பேரிடம் காரணம் கேட்டால் முதலிடத்தில் நிற்பது, கடைசி நேரத்தில் சேரும் டெலிவரிக் கட்டணமும் வரியும்தான்.

கோவில்பட்டியில் இருந்து கடலை மிட்டாய் விற்கும் ஒரு தளத்தைக் கற்பனை செய்யுங்கள். பொருளின் பக்கத்தில் 200 ரூபாய். பெயர், முகவரி, போன் நம்பர், ஓடிபி எல்லாம் கொடுத்துக் கடைசிப் பக்கத்துக்கு வந்தால் 290 ரூபாய். கூரியருக்குத் தொண்ணூறு ரூபாய் ஆகும் என்பது நியாயமான கணக்காகவே இருக்கலாம். ஆனால் அதை மறைத்து வைத்திருந்து கடைசியில் நீட்டியதில் வாங்குபவருக்கு ஏமாற்றப்பட்ட உணர்வு வருகிறது. அதே தொண்ணூறை முதல் பக்கத்திலேயே சொல்லியிருந்தால், ‘ரெண்டு பாக்கெட்டாக வாங்கினால் கட்டுப்படியாகும்’ என்று அவரே கணக்குப் போட்டிருப்பார். தமிழ்நாட்டுக்குள் இவ்வளவு, வெளி மாநிலத்துக்கு இவ்வளவு, இத்தனை ரூபாய்க்கு மேல் வாங்கினால் இலவசம் என்று விலைக்குக் கீழே ஒரே வரியில் எழுதிவிடலாம். எப்போது வந்து சேரும் என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். என்னைக் கேட்டால், ஒரு சிறு தளம் இந்த வாரம் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்ய வேண்டும்.

இதில் சட்டமும் இருக்கிறது. 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகள், மொத்த விலையையும் டெலிவரிக் கட்டணம், வரி உள்ளிட்ட அதன் பிரிவுகளையும் தெளிவாகக் காட்டச் சொல்கின்றன. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பதின்மூன்று வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. விலையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும், ‘இன்னும் இரண்டுதான் பாக்கி’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் அதில் உண்டு. விற்பனையைக் கூட்டித் தருகிறேன் என்று வரும் சில ஏஜென்சிகள் இன்றும் இந்த வித்தைகளையே விற்கின்றன. பணம் கொடுத்து வம்பை வாங்க வேண்டாம்.

பணம் செலுத்தும் பக்கத்தில் ஒரு வேடிக்கை. சில சிறு தளங்கள் யூபிஐ கியூஆர் கோடைத் திரையில் காட்டி ‘ஸ்கேன் செய்க’ என்கின்றன. வாங்குபவர் பார்த்துக்கொண்டிருப்பதே போனில்தான். அதே போனில் தெரியும் கோடை அதே போனின் கேமராவால் எப்படிப் பிடிப்பது? ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பணம் செலுத்தும் ஆப்பில் ஏற்றத் தெரிந்தவர் ஏற்றுவார்; மற்றவர் போய்விடுவார். தொட்டவுடன் ஜிபே, போன்பே போன்ற ஆப்கள் நேராகத் திறக்கும்படி வைக்கும் வசதியைப் பணம் வசூலித்துத் தரும் கேட்வே நிறுவனங்கள் தருகின்றன.

பொருளின் பக்கத்தில் என்ன எழுதுவது என்று பலர் திணறுகிறார்கள். விடை அவர்கள் வாட்ஸ்அப்பிலேயே கிடக்கிறது. வாடிக்கையாளர்களுடன் நடந்த பழைய உரையாடல்களைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். ‘பிளவுஸ் துணி சேர்த்தா?’, ‘சாயம் போகுமா?’, ‘எத்தனை நாள் கெடாம இருக்கும்?’, ‘சர்க்கரையா வெல்லமா?’ என்று ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்திருக்கும். ஒருவர் கேட்டார் என்றால், கேட்காமலே போனவர்கள் பலர். அந்தக் கேள்விகளையும் பதில்களையும் அவர்கள் கேட்ட மொழியிலேயே பொருளின் படத்துக்குக் கீழே எழுதினால் போதும். ‘பாரம்பரியமும் நவீனமும் கைகோக்கும்’ வகை வாசகங்களைத் தாராளமாக நீக்கலாம். அந்த இடத்தில், பட்டுப் புடவை என்றால் சில்க் மார்க் முத்திரையின் படம், தின்பண்டம் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண், தயாரித்த தேதி. புடவையைப் பகல் வெளிச்சத்தில் ஒருவர் உடுத்தி எடுத்த படம், ஸ்டூடியோ விளக்கில் எடுத்த பத்துப் படங்களைவிட அதிகம் சொல்லும்.

நம்பிக்கைக்கு இன்னொரு வழியும் உண்டு: முழு முகவரி, பேசினால் எடுக்கும் போன் நம்பர், பொருளைத் திருப்பித் தரும் விதிமுறை. தொடர்பு முகவரி, புகார் அதிகாரி விவரம், திருப்பி அனுப்பும் விதி ஆகியவற்றை மேலே சொன்ன 2020 விதிகளும் கேட்கின்றன. முகவரி இல்லாத தளத்தில் முன்பணம் கட்ட யாருக்கும் கை வராது.

முகப்பில் தானாக நகரும் படங்கள் நம் கடைக்காரர்களுக்கு மிகப் பிடித்தமானவை. அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத் தளத்தில் 2013 வாக்கில் எண்ணிப் பார்த்தபோது, அப்படிப்பட்ட படவரிசையைச் சொடுக்கியவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் இருந்தார்கள். அந்தச் சொடுக்குகளிலும் மிகப் பெரும்பகுதி முதல் படத்துக்கே. ஒரு படம், ஒரு பொருள், ஒரு பட்டன் போதும். உள்ளே வந்த மூன்றாவது நொடியில் திரையை மறைத்துக்கொண்டு மின்னஞ்சல் கேட்கும் பெட்டியும் எடுக்க வேண்டியதுதான். போனில் பக்கத்தை மறைக்கும் பெட்டிகள் தேடலில் தளத்தைப் பின்னுக்குத் தள்ளலாம் என்பது 2017 முதல் கூகுளின் நடைமுறை.

வேகத்தைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டுவிட்டது, இங்கே சுருக்கமாக. பஸ் டிக்கெட் விற்கும் ரெட்பஸ், திரையைத் தொட்டதும் தளம் பதில் சொல்லும் நேரத்தைக் குறைத்ததில் விற்பனை 7 சதவீதம் கூடியதாகப் பதிவு செய்திருக்கிறது. பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். அதன் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் கருவியில் இலவசமாகவே சோதித்துக்கொள்ளலாம். சிறு கடைகளில் பெரும்பாலும் குற்றவாளி ஒன்றுதான்: போன் கேமராவில் எடுத்து, சுருக்காமல் அப்படியே ஏற்றிய நான்கைந்து எம்பி படங்கள்.

எந்த மாற்றம் பலன் தருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? 2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமாவின் பிரசாரத் தளத்தில் டான் சிரோக்கர் என்பவரின் குழு, முகப்புப் படங்களையும் வீடியோக்களையும் பட்டன் வாசகங்களையும் இருபத்து நான்கு விதமாகக் கலந்து, வந்தவர்களுக்குப் பிரித்துக் காட்டியது. குழுவினர் வெல்லும் என்று எதிர்பார்த்தது ஒரு வீடியோவை. வென்றதோ குடும்பப் படமும் ‘மேலும் அறிய’ என்ற பட்டனும். பதிவு செய்தவர்களின் விகிதம் 8.26 சதவீதத்தில் இருந்து 11.6 சதவீதமானது. வீடியோக்கள் எல்லாமே படங்களிடம் தோற்றன. நமக்குப் பிடித்தது வேறு, வருபவருக்கு உதவுவது வேறு என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். ஆனால் அந்தச் சோதனையில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூறு பேர் வரும் தளத்தில் பட்டன் நிறத்தைப் பச்சையா சிவப்பா என்று சோதித்தால் வருவது முடிவல்ல, தற்செயல்.

சிறியவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஐந்து பேரை உட்காரவைத்துத் தளத்தைப் பயன்படுத்தச் சொன்னால் பெரும்பாலான சிக்கல்கள் வெளிவந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் என்ற பயன்பாட்டு ஆய்வாளர் 2000-ல் எழுதினார். உங்கள் தளத்தை முன்பு பார்க்காத சித்தி, பக்கத்து வீட்டுக்காரர், மகனின் நண்பன் என்று ஐந்து பேரை அழையுங்கள். ஆறேழாயிரம் ரூபாய் போன், வைஃபை இல்லாமல் மொபைல் டேட்டா. ஒரு பொருளைச் சொல்லி வாங்கச் சொல்லுங்கள், பணத்தை நீங்களே கொடுத்துவிடுங்கள். பக்கத்தில் இருந்து வழி சொல்லக் கூடாது; அவர் விரல் தயங்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். டிசைனருக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்தக் குறிப்பை ஒரு தடவை படித்துவிடுங்கள்.