ஸ்பெயினில் குடியிருந்து சென்னைக்கு வேலை: அனுமதி பெறுவது எப்படி?

அலுவலகம் சென்னையில், சம்பளம் சென்னை வங்கிக் கணக்கில், மடிக்கணினி மட்டும் வலென்சியாவில். கரோனாவுக்குப் பிறகு பல நாடுகள் இப்படி வாழச் சட்டப்படியே வழி திறந்துவிட்டிருக்கின்றன. எஸ்டோனியா 2020 ஆகஸ்டில் இதற்கெனத் தனி விசா கொண்டுவந்தது. குரோஷியா 2021இல் தொடங்கியது. ஸ்பெயின் 2022 டிசம்பரில் நிறைவேற்றிய ஸ்டார்ட்-அப் சட்டத்தில் இதைச் சேர்த்தது. எஸ்டோனியாவில் அதிகபட்சம் ஓராண்டு இருந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஸ்பெயினில் புதுப்பித்துக்கொண்டே போனால் நிரந்தர வசிப்புரிமை வரை போகலாம். நம்மூர் ஐ.டி. ஊழியர்களும் ஃப்ரீலான்சர்களும் ஸ்பெயினைப் பற்றி அதிகம் விசாரிப்பதற்கு இதுவே காரணம்.

அடிப்படை நிபந்தனை எளிது: ஸ்பெயினுக்கு வெளியே உள்ள நிறுவனத்துக்கு, கணினி வழியாகச் செய்யக்கூடிய வேலை. அந்த நிறுவனம் குறைந்தது ஓராண்டாக இயங்கிவர வேண்டும். நீங்கள் அதில் குறைந்தது மூன்று மாதமாக வேலை பார்த்திருக்க வேண்டும். பட்டப்படிப்பு வேண்டும், இல்லையென்றால் அந்தத் துறையில் மூன்றாண்டு அனுபவம். ஃப்ரீலான்சர் என்றால் மொத்த வேலையில் 20 சதவீதம் வரை ஸ்பெயின் வாடிக்கையாளர்களுக்கும் செய்துகொள்ளலாம்.

வருமானக் கணக்கு அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலியை வைத்துப் போடப்படுகிறது. அதில் இரண்டு மடங்கு மாத வருமானம் காட்ட வேண்டும். 2025ஆம் ஆண்டில் இந்தக் கூலி மாதம் 1,184 யூரோவாக இருந்தது; கீழே உள்ள தொகைகள் அந்தக் கணக்கில் போட்டவை. அங்கே ஆண்டுக்கு 14 சம்பளம் என்பதால், மாதக் கணக்கில் காட்ட வேண்டியது சுமார் 2,763 யூரோ. கணவரையோ மனைவியையோ அழைத்துப் போனால் 1,036 யூரோ கூடும். அடுத்து ஒவ்வொருவருக்கும் 345. யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு குழந்தையோடு போகும் தம்பதிக்கு மாதம் நாலு லட்சத்துக்கு மேல் வரவு இருந்தாக வேண்டும். டாலரில் சம்பாதிக்கும் ஃப்ரீலான்சருக்கு இது எட்டும் தொகை. உள்ளூர்ச் சம்பளக்காரர்களில் பெரும்பாலோர் இங்கேயே நின்றுவிடுவார்கள்.

இதைத் தாண்டியவர்கள் உடனே விசா ஏஜென்டைத் தேடிப் போகிறார்கள். முதலில் போக வேண்டிய இடம் சொந்த அலுவலகத்தின் ஹெச்.ஆர். பிரிவு என்பேன். இந்த விண்ணப்பத்தின் உயிரே நிறுவனம் தரும் கடிதத்தில்தான் இருக்கிறது. ‘இவர் எங்கள் ஊழியர்’ என்று மட்டும் எழுதினால் போதாது. எப்போது சேர்ந்தார், என்ன பொறுப்பு, என்ன சம்பளம், ஸ்பெயினிலிருந்தபடியே வேலை செய்ய நிறுவனம் அனுமதிக்கிறது என்பதெல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டும். கூடவே நிறுவனத்தின் பதிவுச் சான்றும் வேண்டும். பல நிறுவனங்கள் இந்தக் கடிதத்தைத் தரத் தயங்குகின்றன. தயக்கத்தில் நியாயமும் உண்டு.

ஸ்பெயின் மண்ணில் வேலை செய்பவருக்குச் சமூகப் பாதுகாப்புக் காப்பீடு இருந்தாக வேண்டும் என்பது அந்நாட்டு விதி. இரு நாடுகளுக்கும் இடையே இதற்கான ஒப்பந்தம் இருந்தால், சொந்த நாட்டில் பணம் கட்டுவதற்கான சான்றைக் காட்டித் தப்பிக்கலாம். ஜெர்மனி, பிரான்ஸ், போர்ச்சுகல் உள்ளிட்ட நாடுகளோடு இந்தியா செய்துகொண்ட இத்தகைய ஒப்பந்தங்களின் வரிசையில் ஸ்பெயின் இல்லை. இங்கே பி.எஃப். கட்டுவது அங்கே கணக்கில் வராது. ஆகவே இந்திய நிறுவனம் ஸ்பெயினின் சமூகப் பாதுகாப்புத் துறையில் தன்னைப் பதிவு செய்துகொண்டு, உங்களுக்காக மாதாமாதம் பணம் கட்ட வேண்டியிருக்கும். ஒரே ஓர் ஊழியருக்காக எத்தனை நிறுவனம் இதைச் செய்யும்? ஃப்ரீலான்சருக்கு இந்தச் சிக்கல் இல்லை. சுயதொழில் செய்பவராக அங்கே பதிந்துகொண்டால் முதல் ஆண்டுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. 2025 வரை அது மாதம் சுமார் 80 யூரோவாக இருந்தது.

ஆவணங்களில் நேரத்தை விழுங்குவது அப்போஸ்டில் என்னும் சான்றொப்பம். பட்டச் சான்றிதழை மாநில அளவில் சரிபார்த்த பிறகு, வெளியுறவு அமைச்சகம் அதன் பின்பக்கத்தில் சிறு சதுர ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தரும். இந்த இடத்தில்தான் நம் வீடுகளின் லேமினேஷன் பழக்கம் வம்பாகிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று அப்பா அன்று பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொடுத்த சான்றிதழில் ஸ்டிக்கர் ஒட்டக் காகிதம் வெளியே இருக்காது. பிரிக்கும்போது கிழியும் அபாயம் இருப்பதால், பல்கலைக்கழகத்தில் நகல் வாங்குவது நல்லது. அதற்கு ஆகும் நாட்களையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். பாஸ்போர்ட் அலுவலகம் தரும் போலீஸ் சான்றுக்கும் அப்போஸ்டில் வேண்டும். பிறகு, ஸ்பெயின் அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரிடம் இவற்றை ஸ்பானிஷில் பெயர்க்க வேண்டும்.

விண்ணப்பிக்க இரண்டு வழி. இந்தியாவிலிருந்து தூதரகம் மூலம் போனால் ஓராண்டு வரைக்கான விசா கிடைக்கும். ஏற்கெனவே சட்டப்படி ஸ்பெயினுக்குள் இருப்பவர் ஆன்லைனில் நேரடியாக வசிப்பு அனுமதியே கேட்கலாம்; அது மூன்றாண்டு வரைக்கும். உள்ளேயிருந்து கேட்பவருக்கு 20 வேலை நாளில் பதில் வராவிட்டால் ஏற்கப்பட்டதாகக் கொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறது. அனுமதி கிடைத்த பின் போலீஸ் அலுவலகத்தில் கைரேகை வைத்து அடையாள அட்டை வாங்க வேண்டும். பார்சிலோனா, மாட்ரிட் போன்ற பெருநகரங்களில் அதற்கான அப்பாயின்ட்மென்ட் எளிதில் அகப்படாது.

வரியையும் முன்பே கணக்கிடுங்கள். ஆண்டில் 183 நாளுக்கு மேல் தங்கினால் ஸ்பெயினின் வரி உங்களைத் தொடும். புதிதாக வருபவர்களுக்கு 6 லட்சம் யூரோ வரையிலான சம்பளத்துக்கு ஒரே விகிதமாக 24 சதவீதம் என்ற சலுகை இருக்கிறது. கால்பந்து வீரர் பெக்கம் பெயரால் அழைக்கப்படும் இந்தச் சட்டம் இப்போது தொழில்முறை விளையாட்டு வீரர்களுக்குப் பொருந்தாது. தொலைப்பணி ஊழியர்களுக்குப் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கத் தவறினால் சலுகை போய்விடும். இரு நாட்டு வரியும் தெரிந்த ஆடிட்டரிடம் கிளம்பும் முன்பே பேசிவிடுவது பணத்தை மிச்சப்படுத்தும்.

மூன்றாண்டு அனுமதியை மேலும் இரண்டாண்டு நீட்டிக்கலாம். ஐந்தாண்டு தொடர்ந்து வசித்தவர் நீண்டகால வசிப்புரிமை கேட்கலாம். குடியுரிமைக்கு இந்தியர்கள் பத்தாண்டு காத்திருக்க வேண்டும். அதைப் பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும்.