செப்புத் தகட்டில் ஓர் அரண்மனை

போர்க்காலத்தில் பகைவர் கையால் வரையப்பட்ட அரண்மனைப் படம் இருவகையில் சான்றாகும். கட்டடம் எவ்வாறு இருந்தது என்பதை அது கூறும். வரைந்தவர் எதைக் காண விரும்பினார் என்பதையும் கூறும். முன்னதை ஏற்கும் நாம் பின்னதை மறந்துவிடுகிறோம். திப்பு சுல்தானின் அரண்மனைப் படங்களைக் காணும் மாணவர்கள் இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

ராபர்ட் ஹோம் என்னும் ஆங்கில ஓவியர் 1791இல் சென்னைக்கு வந்தார். மூன்றாம் மைசூர்ப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. காரன்வாலிசின் படையோடு சென்று, கண்ட இடங்களை அவர் வரைந்தார். அவை செப்புத் தகடுகளில் செதுக்கப்பெற்று, 1794இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன. பெங்களூர்க் காட்சிகளும் அவற்றுள் அடங்கும். பீரங்கிப் படை அதிகாரியான ஜேம்ஸ் ஹண்டரும் பெங்களூர் அரண்மனையை வரைந்தார்; 1792இல் அவர் மறைந்த பின்னரே அவருடைய படங்கள் அச்சேறின.

இத்தகைய படம் உருவாகும் முறையை விருத்தாசலத்தார்க்கு விளக்குதல் எளிது. கூரிய உளியால் செப்புத் தகட்டில் கோடுகள் கீறப்படும். மை பூசி மேற்பரப்பைத் துடைத்தால், பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை அதன்மேல் வைத்து உருளைகளிடையே அழுத்த, படம் இடவலம் மாறித் தாளில் பதியும். அக்கால இங்கிலாந்தின் பீங்கான் தொழிலாளர், இவ்வாறே மெல்லிய தாளில் எடுத்த படத்தை மை உலருமுன் தட்டின்மேல் ஒற்றி, சூளையில் சுட்டு நிலைபெறச் செய்தனர். ஓர் அச்சிலிருந்து நூற்றுக்கணக்கில் வார்த்தெடுக்கும் செராமிக் தொழிற்பேட்டையின் ஊராருக்கு இதன் வலிமை புரியும். எண்ணெய் ஓவியம் ஒரு மாளிகைச் சுவரில் தொங்கும். அச்சுப் படமோ, மைசூரைக் கண்டறியாத பலருக்கும் மைசூர் இதுவே என்று காட்டும்.

தேக்கு மரத் தூண்கள் கொண்ட அவ்வரண்மனையை 1781இல் ஹைதர் அலி கட்டத் தொடங்கினார். 1791இல் திப்பு முடித்தார். அதே ஆண்டு மார்ச் 21இல் பெங்களூர்க் கோட்டை வீழ்ந்தது. அதற்கு இரு வாரங்கள் முன்னர், நகர வாயிலில் நடந்த தாக்குதலில் மூர்ஹவுஸ் என்னும் ஆங்கிலத் தளபதி மாண்டார். அம்மரணத்தை ஹோம் பெரிய எண்ணெய் ஓவியமாகத் தீட்டினார். கோட்டையைக் காத்து நின்ற கில்லேதார் பகதூர் கானும் அம்முற்றுகையில்தான் உயிர் துறந்தார். நம் மாணவருள் எத்தனை பேர் அப்பெயரைக் கேட்டிருப்பர்?

இது மைசூரோடு முடிந்த வழக்கமன்று. 1874 பிப்ரவரியில் ஆப்பிரிக்காவின் அசாந்தி நாட்டுத் தலைநகரான குமாசியைப் பிடித்த ஆங்கிலப் படை, அரண்மனைப் பொருள்களைக் கவர்ந்துகொண்டு, அரண்மனையை வெடிவைத்துத் தகர்த்தது. இலண்டன் இதழ்கள் அப்போரின் காட்சிகளை மரச்செதுக்குப் படங்களாக அச்சிட்டு வழங்கின.

திப்பு தரப்பிலும் படம் உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784இல் எழுந்த தரியா தௌலத் மாளிகையின் சுவரில், காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் 1780இல் நடந்த போர் தீட்டப்பட்டுள்ளது. ஆங்கிலத் தளபதி பெய்லி பல்லக்கில் இருக்கிறார். அவரைச் சுற்றி அவருடைய படை சிதைகிறது. வெடிமருந்து வண்டி தீப்பற்றுகிறது. நடுநிலையான ஆய்வாளர் இதையும் ஐயத்தோடுதான் நோக்க வேண்டும். ஏனெனில், நம் கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில் 1781 ஜூலை 1இல் ஹைதர் தோற்ற போர் அச்சுவரில் இடம்பெறவில்லை.

பெங்களூர் அரண்மனை 1831 முதல் 1868 வரை ஆங்கிலேயரின் அரசு அலுவலகமாயிற்று. இன்று அதில் ஒரு பகுதியே எஞ்சியுள்ளது. இழந்த பகுதிகளை அறிய ஹோம், ஹண்டர் ஆகியோரின் படங்களையே நாட வேண்டியுள்ளது. பொள்ளிலூர் ஓவியம் டல்ஹவுசி காலத்தில் புதுப்பிக்கப்பட்டு இன்றும் அச்சுவரிலேயே உள்ளது. அதைக் காண விழைவோர் ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கே செல்லுதல் வேண்டும்.