தலைக்கு மேலே ஒரு காடு

நம் திருச்சுழிப் பக்கம் 'காடு' என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "அம்மா காட்டுக்குப் போயிருக்கு" என்றால் பருத்திக்கோ உளுந்துக்கோ களை எடுக்கப் போயிருக்கிறாள் என்று அர்த்தம். அதையும் தாண்டினால் கண்மாய் நெடுக சீமைக் கருவேலம். என் அப்பா அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறவர். ஒரு மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை மூடை தேறும் என்று சொல்லிவிடுவார். அந்த வீட்டில் வளர்ந்த நான், சிவில் மூன்றாம் ஆண்டு தோழர்கள் ஏழு பேரோடு, ஆனைமலை மழைக்காட்டில் சிங்கவால் குரங்கைத் தேடிப் போனேன். முதல் நாள் அது எங்கள் கண்ணில் படவே இல்லை. ஏன் படவில்லை என்பதைத்தான் முக்கியமாக எழுத வந்திருக்கிறேன்.

ஆடி கடைசியில் கிளம்பினோம். நம்மூரில் புழுதிக் காற்று கண்ணைத் திறக்க விடாத நேரம். அருப்புக்கோட்டையிலிருந்து மாட்டுத்தாவணி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஆரப்பாளையம், பிறகு பழநி வழியாகப் பொள்ளாச்சி. மறுநாள் காலை சேத்துமடை சோதனைச் சாவடி தாண்டி மலை ஏறினால் டாப்சிலிப். அந்தக் காலத்தில் மலைமேல் வெட்டிய தேக்கு மரங்களை இங்கிருந்து சரிவில் உருட்டிவிடுவார்களாம். அதனால் வந்த பெயர். வெட்டி மொட்டையான இடங்களில் மறுபடியும் தேக்கை வளர்த்துக் காட்டியவர் ஹியூகோ வுட் என்ற வெள்ளைக்கார வன அதிகாரி. அவருடைய கல்லறை இந்த மலையிலேயே இருக்கிறது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிரே பெரிய புல்வெளி. புள்ளிமான் கூட்டம், காட்டுப்பன்றிகள். "மாப்ளே, இதுக்காடா இவ்வளவு தூரம்? இங்கேயே எல்லாம் நிக்குதே!" என்றான் ஒருவன். ஆனால் அது மழைக்காடு அல்ல. சுற்றி நின்ற தேக்கும் மழைக்காடு அல்ல, மனிதன் நட்டது. அசல் மழைக்காடு பக்கத்தில் கரியன்சோலையில் இருக்கிறது. கரியன்சோலை, கிராஸ் ஹில்ஸ், மஞ்சம்பட்டி மூன்றையும் சேர்த்து 1989-இல் இந்திரா காந்தி தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். பரப்பு 117 சதுர கிலோமீட்டர். 2007 முதல் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதி. வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது. எங்களுக்கு வாய்த்தவர் மலசர் இனத்தைச் சேர்ந்த ஒரு அண்ணன். அதிகம் பேசாதவர்.

சோலைக்குள் நுழைந்ததும் பகல் பதினோரு மணி மாலை ஆறு மணி மாதிரி ஆகிவிட்டது. மரங்கள் பத்து மாடி உயரம். சிலவற்றின் அடியில் பலகையை நிறுத்தி வைத்தது போல் வேர்கள். தடுப்புச் சுவருக்கு முட்டுக் கொடுப்போமே, அதே கணக்கு. மண் ஆழமில்லாத இடத்தில் அவ்வளவு உயர மரம் சாயாமல் நிற்க வேண்டுமே! நம்ம டிசைன் வாத்தியார் பார்த்தால் ஃபுல் மார்க் போடுவார்.

ஆனால் மிருகம்? ஒன்றுகூட இல்லை. இரண்டு மணி நேரம் நடந்தோம். கண்டது எல்லாம் அட்டைதான். மூக்குப்பொடி தேய்த்த சாக்ஸையும் மீறி ஏறிவிட்டது. எங்களில் இரண்டு பேர் செல்போனில் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். வழிகாட்டி அண்ணன் எதுவும் சொல்லவில்லை. வெளியே வந்ததும், "தம்பிகளா, நீங்க தரையைப் பாத்தே நடந்தீங்க. காடு மேலே இருக்கு" என்றார்.

அதுதான் விஷயம். மழைக்காட்டில் வெயில் விழுவது உச்சியில். இலை, பூ, பழம், பூச்சி எல்லாம் அங்கேதான். கீழே வெளிச்சம் இல்லாததால் புல் அதிகம் முளைக்காது. புல் இல்லாத இடத்தில் மான் கூட்டத்துக்கு என்ன வேலை? புல்வெளியில் ஐந்து நிமிஷத்தில் பார்த்த மான்களை இங்கே தேடியது எங்கள் தப்பு. இங்கே மிருகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் மரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிங்கவால் குரங்குக்கு அந்த மரம் வெடிப்பலா. முள் முள்ளாய்க் காய்க்கும். அந்த முள் காயைப் பிய்த்து உள்ளே இருக்கும் கொட்டையைத் தின்பதற்கென்றே இந்தக் குரங்கு பிறந்திருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. வெடிப்பலா இல்லாத மாதங்களில் வேறு பழம், பூச்சி, தேன் என்று பிழைத்துக்கொள்ளும். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் உண்டு. வளர்ந்த குரங்குகள் 2500-க்கும் குறைவு என்று கணக்கு. பெண் குரங்கு முதல் குட்டி போட ஆறு வருஷம் போல ஆகும். அடுத்த குட்டிக்கு இன்னும் இரண்டு மூன்று வருஷம். ஒரு கூட்டம் அழிந்தால் ஈடு கட்டுவது லேசில்லை.

மறுநாள் விடிகாலை செல்போன்களை அறையில் வைத்துவிட்டுப் போனோம். அண்ணன் ஒரு வெடிப்பலாவுக்கு எதிரே எங்களை உட்கார வைத்தார். ஒரு மணி நேரம். எட்டுப் பேர் பேசாமல் உட்கார்ந்தது எங்கள் மூன்று வருஷ வரலாற்றில் அதுவே முதல் தடவை. பிறகு பொத்து பொத்தென்று காய்த்தோல் விழுந்தது. நிமிர்ந்தால், கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பது போல் சின்னக் குஞ்சம். ஒன்று, மூன்று, எட்டு எண்ணினேன். வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்ட தாய் ஒன்று கிளைக்குக் கிளை தாவி அடுத்த மரத்துக்குப் போனது. கால் தரையில் படவே இல்லை.

அந்தத் தாவலில்தான் ஆபத்தும் இருக்கிறது. இரண்டு மரத்துக்கு நடுவே ரோடு போட்டால், தேயிலை நட்டால், அதற்குப் பாதை அறுந்துபோச்சு. வால்பாறை புதுத்தோட்டத்தில் அப்படித்தான் தேயிலைக்கு நடுவே ஒரு துண்டுக் காட்டில் மாட்டிக்கொண்டு, ரோட்டைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டுச் செத்தன. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பினரும் வனத்துறையும் அங்கே ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டினார்கள். எதில் என்று நினைக்கிறீர்கள்? தீயணைப்பு வண்டியில் இருக்கும் கேன்வாஸ் ஹோஸில்! சிவில் பாடத்தில் எத்தனையோ பாலம் படித்தோம், இது இல்லை. கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழைக்குக் குறுக்கே மின்சார வாரியம் அணை கட்ட இருந்தபோதும் இதே குரங்கின் பெயரைச் சொல்லித்தான் பெரிய போராட்டம் நடந்தது. அணை கைவிடப்பட்டு 1984-இல் அது தேசியப் பூங்கா ஆனது. எலக்ட்ரிகல் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

திரும்பும்போது டாப்சிலிப்பில் கொட்டிய மழை, கீழே உடுமலை தாண்டியதும் ஒரு பொட்டு இல்லை. அப்போதுதான் உறைத்தது. நம்மூரில் புழுதி கிளப்பும் ஆடிக்காற்றும் அந்த மழையும் வேறு வேறு அல்ல. அரபிக்கடலில் இருந்து நீரைச் சுமந்து வரும் தென்மேற்குக் காற்று மலையில் மோதி மேலே ஏறிக் குளிர்ந்து, சரக்கை அங்கேயே இறக்கிவிடுகிறது. வெறுங்கையோடு நம்ம பக்கம் இறங்கி வருகிறது. வால்பாறைக்கு மேலே சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. நம் மாவட்டத்துக்கு வருஷ மழை 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில்.

மலையில் விழுந்ததை உடனே ஓட விடாமல் இலைச்சருகும் வேரும் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது காடு. நம் திருச்சுழிக் குண்டாறும் சாப்டூர் பக்கத்து மலைச்சரிவில் பிறந்ததுதான். அந்த மலைக்காடு 2021-இல் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து எல்லாம் சொன்னேன். அப்பா கரி படிந்த கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "அந்த மரம் ஒண்ணு எத்தனை மூடைடா தேறும்?"

"எண்ணலைப்பா. குண்டாறு அந்த மாதிரிக் காட்டுலேர்ந்துதான் வருது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அதை வெட்டக் கூடாது. கருவேலம் கிடக்கு நமக்கு" என்றார்.

பொள்ளாச்சி வரை போகக் காசில்லை என்பவர்களுக்கு ஒரு தகவல். அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி விருதுநகரில் மாறினால் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே செண்பகத்தோப்பு அடிவாரத்தில் சாம்பல் நிற அணில் இருக்கிறது. அது மழைக்காடு அல்ல, ஓடையோரச் சோலை. ஆனாலும் அதே கதை. மரத்தோடு மரம் உரசி நின்றால்தான் அது நடமாடும். 1988-இல் இந்த அணிலுக்காகவே அங்கே சரணாலயம் அமைத்தார்கள். செமஸ்டர் பரீட்சை முடிந்த முதல் ஞாயிறு, அனுமதி வாங்கிப் போவதாக இருக்கிறோம். வர விரும்புகிறவர்கள் சிவில் மூன்றாம் ஆண்டு வகுப்பில் பெயர் கொடுக்கவும். செல்போனில் பாட்டுப் போடுகிறவர்களுக்கு இடமில்லை.