தையல் என்னுடையது, கணக்கு யாருடையது?

கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்து தருவது என் தொழில். "தொழில்" என்று இப்போதுதான் சொல்லிக்கொள்கிறேன். முன்பெல்லாம் யாராவது கேட்டால், "சும்மா வீட்ல இருந்தபடி ஏதோ பண்றேன்" என்பேன். திருச்சி உறையூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஸ்டாண்டைப் போட்டுக்கொண்டு, குழந்தைகள் பள்ளிக்கூடம் போனதும் உட்கார்ந்தால் மூன்று மணி வரை ஊசியும் ஜரிகை நூலும்தான்.

தில்லைநகரில் ஒரு பொட்டிக்காரர்கள் எனக்கு மாதாமாதம் வேலை கொடுப்பார்கள். முதல் தடவை பணம் தரும்போது பான் நம்பர் கேட்டார்கள். என்னிடமும் பான் கார்டு இருந்தது. பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில்! அதைத் தேடி எடுக்கச் சோம்பல். என் கணவருடைய நம்பரையும் அவருடைய பாங்க் கணக்கையும் கொடுத்துவிட்டேன். ஒரே வீடு, ஒரே உலை, யார் கணக்கில் வந்தால் என்ன என்று நினைத்தேன்.

2023-ல் அந்தச் சோம்பலுக்கு விலை கொடுத்தோம். பொட்டிக் எனக்குக் கொடுத்த கூலியில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வரி பிடித்து, என் கணவருடைய பான் நம்பரில் அரசாங்கத்துக்குக் கட்டியிருந்தது. அவரோ சம்பளத்தை மட்டும் காட்டி ரிட்டர்ன் போட்டிருந்தார். "உங்கள் பெயரில் ஒப்பந்த வேலைக்காக 4,20,000 ரூபாய் வந்திருக்கிறதே, அது எங்கே?" என்று வருமான வரித் துறையிலிருந்து கேள்வி வந்தது.

"என்னங்க இது?" என்றேன். "நீதான் சொல்லணும்" என்றார். கோபமில்லை, ஆனால் முகம் வாடிவிட்டது.

பொட்டிக்காரர்கள் பெயரைத் திருத்தித் தர மறுத்துவிட்டார்கள். பணமும் அவர் கணக்கில்தான் வந்திருக்கிறது. செலவு போக என் லாபம் இரண்டரை லட்சம். அவர் இருபது சதவிகிதப் படியில் இருப்பவர். 52,000 ரூபாயும், அதற்கு மேல் வட்டியும் கட்டினோம். அதே லாபம் என் பெயரில் வந்திருந்தால், சகோதரிகளே, ஒரு பைசா வரி கிடையாது!

அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வாங்கக் கடன் கேட்டு ஒரு பாங்குக்குப் போனேன். "உங்க ரிட்டர்ன் காப்பி கொடுங்கம்மா" என்றார் அதிகாரி. என்ன கொடுப்பேன்? ஏழு வருஷம் கண் வலிக்க வலிக்க மணி கோத்திருக்கிறேன். காகிதத்தில் நான் ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எப்படித் தொழிலைப் பதிவு செய்வது என்று விசாரிக்க ஆரம்பித்தேன். யோசனைக்கா பஞ்சம்? என் தம்பி, "பிரைவேட் லிமிடெட் ஆரம்பி அக்கா, கெத்தா இருக்கும்" என்றான். என் ஓரகத்திக்கும் தையல் வரும். அவள், "ரெண்டு பேரும் பார்ட்னர்ஷிப் போட்டுக்கலாம் அக்கா" என்றாள். இரண்டையும் சுமந்துகொண்டு எங்கள் தெரு ஆடிட்டரிடம் போனேன்.

தம்பியின் யோசனையை அவர் இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார். கம்பெனி என்றால் வியாபாரம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் வருஷா வருஷம் கட்டாயத் தணிக்கை, கம்பெனிப் பதிவாளருக்கு ஆண்டறிக்கை, லாபத்தின் முதல் ரூபாயிலிருந்து வரி. சலுகை விகிதத்தில்கூட எல்லாம் சேர்த்து 25 சதவிகிதத்துக்கு மேல். "கெத்துக்கு இவ்வளவு செலவு பண்ணணுமாம்மா?" என்றார்.

பார்ட்னர்ஷிப்பைப் பற்றித்தான் நிறையப் பேசினோம், ஏனென்றால் எனக்கு அதில் ஆசை. கூட்டு நிறுவனத்துக்கு வரி 30 சதவிகிதம். தனி மனிதருக்கு உள்ளது போல 'இவ்வளவு வரை வரி இல்லை' என்ற அடிவரம்பே கிடையாது. மூன்று லட்சம் லாபம் என்றால் செஸ்ஸோடு 93,600 ரூபாய். வேலை செய்யும் பங்குதாரர்களுக்குச் சம்பளம் என்று ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதி வரியைக் குறைக்கலாம். சிறிய லாபத்தை முழுக்கவே அப்படிப் பிரித்துக்கொள்ளவும் சட்டம் விடுகிறது. ஆனால் அதற்கு முறையான கணக்குப் புத்தகங்கள் வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து, ஒரு பங்குதாரருக்கு வருஷத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதில் பத்து சதவிகிதம் வரி பிடித்துக் கட்டவும் வேண்டும். இன்னொன்று, அவள் வாங்கும் தொழில் கடனுக்கு நானும் பொறுப்பு, நான் வாங்கினால் அவளும். ஓரகத்தியோடு உறவு நன்றாக இருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவளும் தனியாக, அவள் பெயரிலேயே ஆரம்பித்திருக்கிறாள்.

மிச்சமிருந்தது தனியுரிமைத் தொழில், அதாவது 'நான்தான் தொழில், தொழில்தான் நான்' என்பது. பெரிய பதிவு ஒன்றும் இல்லை. என் பான் நம்பர், என் பெயரில் ஒரு பாங்க் கணக்கு, உத்யம் பதிவு, அவ்வளவுதான். உத்யமுக்கு அரசாங்க இணையதளத்தில் கட்டணமே கிடையாது. பணம் கேட்டு வருகிறவர்களிடம் ஏமாறாதீர்கள். சேவைத் தொழிலுக்கு வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவும் பொதுவாகத் தேவைப்படாது.

நம் போன்றவர்களுக்கென்றே ஓர் எளிய கணக்கு இருக்கிறது. 1961-ம் வருஷத்துச் சட்டத்தில் அதற்கு 44 ஏ.டி. என்று பெயர். 2026 ஏப்ரலில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் எண் மாறினாலும் ஏற்பாடு தொடர்கிறது. பாங்க் வழியாக வரும் வரவில் குறைந்தது 6 சதவிகிதமும், ரொக்கமாக வருவதில் 8 சதவிகிதமும் லாபம் என்று காட்டினால் போதும். விரிவான கணக்குப் புத்தகம் வைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருமுறை இதில் நுழைந்தால் ஐந்து வருஷம் இதிலேயே இருப்பது நல்லது. நடுவில் விட்டால் அடுத்த ஐந்து வருஷம் திரும்பி வர முடியாது. வக்கீல், டாக்டர், உள் அலங்காரம் செய்பவர் போன்ற சில தொழில்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு வரவில் பாதியை லாபமாகக் காட்டும் ஏற்பாடு தனி.

"அப்ப ஆறு சதவிகிதமே காட்டிடலாமா சார்?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"நிஜமா எவ்வளவு நிக்குதோ அதைக் காட்டுங்கம்மா. ஆறுங்கறது கீழ் வரம்புதான். நாளைக்கு பாங்க்காரன் இந்த நம்பரைப் பார்த்துத்தான் கடன் கொடுப்பான்."

நியாயம்தானே! 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானமுள்ள தனி நபருக்கு வரியே வராது. அப்படியிருக்க, லாபத்தைக் குறைத்து எழுதி என்ன மிச்சம் பிடிக்கப்போகிறோம்?

மெஷினுக்கான பணத்தைத் தானே தருவதாக என் கணவர் சொன்னார். ஆடிட்டர் அதற்கும் தலையை ஆட்டினார். கணவர் அன்பளிப்பாகத் தந்த பணத்தை மனைவி தொழிலில் முதலாகப் போட்டால், அந்த முதலுக்கு ஏற்ற லாபப் பங்கு கணவர் வருமானத்தோடுதான் சேர்க்கப்படுமாம். சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே!

ஆகவே பொறுத்திருந்தேன். பான் கார்டைப் புடவைக்கு அடியிலிருந்து எடுத்தேன். பொட்டிக்கில் பெயரை மாற்றச் சொன்னேன், முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார்கள். நூல், மணி, கல், உதவிக்கு வரும் பெண்ணின் கூலி எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் அன்றன்றே எழுதினேன். சட்டம் கேட்காவிட்டால் என்ன, நமக்குத் தெரிய வேண்டாமா? 2023-24-க்கு என் பெயரில் முதல் ரிட்டர்ன் போட்டேன். வரவு 4,80,000, லாபம் 2,90,000, வரி இல்லை. பிடித்த 4,800 ரூபாய் என் கணக்குக்கே திரும்பி வந்தது. அன்று பாயசம் வைத்தேன், பைத்தியம் மாதிரி!

இரண்டாவது ரிட்டர்னும் போட்ட பிறகு, 2025-ல் அதே பாங்க், அதே அதிகாரி. முத்ரா திட்டத்தில் மூன்றரை லட்சம் தந்தார்கள். மெஷின் வந்து இறங்கிய அன்று பில்லில் என் பெயரைப் பார்த்துவிட்டு என் மகள் கேட்டாள், "அம்மா, அப்பா பேர் எங்கே?"

"அப்பா பேர் அப்பா ஆபீஸ்ல இருக்குடி" என்றார் என் கணவர், பெட்டியைப் பிரித்துக்கொண்டே.