உங்களுக்குத் தெரியுமா? நோயை உணர விடாத நோய்

மனச்சிதைவு நோய் உள்ளவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்று மறுப்பதை வீட்டார் பிடிவாதம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் நோயை உணராமை அந்நோயின் கூறுகளில் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் ஆக்ரா உட்பட 9 நகரங்களில் நடத்தி 1973-இல் வெளியிட்ட ஆய்வில் மிகப் பரவலாகக் காணப்பட்ட அறிகுறியே இதுதான்.

1990-இல் மனநல மருத்துவர் ஆண்டனி டேவிட் நோயுணர்வை மூன்றாகப் பகுத்தார்: நோய் இருப்பதை ஏற்பது, காதில் கேட்கும் குரல்களை நோயின் விளைவு என்று இனங்காண்பது, சிகிச்சைக்கு உடன்படுவது. இவற்றில் ஒன்று இருந்து மற்றது இல்லாமல் போகலாம். மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள்பவரே, பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று உறுதியாக நம்பிக்கொண்டிருப்பார்.

பிறர் மனதைப் படிப்பதிலும் இந்நோய் உள்ள பலருக்குச் சிரமம் உண்டு. இதை அளக்க ரியானன் கோர்கொரன் குழுவினர் 1995-இல் ஒரு குறிப்புணர்தல் சோதனையை வெளியிட்டனர். எடுத்துக்காட்டாக, வெயிலில் நெடுந்தூரம் வந்தவர் பயணக் களைப்பைச் சொல்கிறார். குடிக்க ஏதாவது கேட்கிறார் என்பதைச் சோதனைக்கு உட்படுபவர் ஊகிக்க வேண்டும். இத்தகைய திறன் குறைந்தவர்களிடம் நோயுணர்வும் குறைவாக இருக்கும் போக்கைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. நோயுணர்வு கூடும்போது சிலருக்கு மனச்சோர்வும் கூடுகிறது. அந்தக் கட்டத்தில் கூடுதல் கவனிப்பு அவசியம்.